பழைய காரின் புகைக்குழாய்



இன்று நாம் காரின் அடியில் ஓடும் ஒரு பொருளைப் பற்றிப் பேசப் போகிறோம். வண்டியை வாங்கிய நாள் முதல் விற்கும் நாள் வரை அதை ஒரு முறைகூடக் குனிந்து பார்க்காதவர்கள் நம்மில் பலர். அதுதான் புகைக்குழாய். பட்டறையில் 'எக்ஸாஸ்' என்று சொல்வார்கள்.

நாம் தோட்டத்தில் இருந்த காலத்தில் கார் நமக்கு ஒரு தேவையாக இருக்கவில்லை. பெரட்டுக் களம், பள்ளிக்கூடம், கோயில், ஆயாக் கொட்டகை எல்லாமே லயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தன. பிறகு ரப்பர் மரங்கள் விழுந்தன. சில தோட்டங்கள் செம்பனைக் காடாயின. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கை சிப்புட், கோப்பெங், பத்து காஜா, தாப்பா என்று பேராக் மாநிலம் எங்கும் நம் குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின. வேலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், மருத்துவமனை ஈப்போவில் என்று ஆனபோது, கையில் இருந்த காசுக்குத் தக்கபடி ஒரு பழைய கார் வீட்டுக்கு வந்தது. 1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகா, 1992இல் வந்த இஸ்வாரா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகிய வண்டிகள்தாம் இரண்டாம் கை, மூன்றாம் கையாக நம்மிடம் வந்து சேர்ந்தன. இன்றும் அவற்றுள் பல ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பழைய சாகா இருந்தது. மாதம் ஒரு முறை ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் பாட்டியைப் பார்க்கப் போவோம். பின் இருக்கையில் உட்காரும் எங்கள் கடைக்குட்டி, போகும்போதெல்லாம் தலை வலிக்கிறது என்று அழுவாள். பாதி வழியில் தூங்கிவிடுவாள்; இறங்கும்போது வாந்தி எடுப்பாள். பாட்டி வீட்டு வாசலில் அரை மணி நேரம் காற்றாட உட்கார்ந்தால் தெளிந்துவிடும். கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் தைலம் தடவினோம். பாட்டி திருஷ்டி கழித்தார். குளிர்சாதனத்தைக் கூட்டி வைத்து, சன்னல்களை இறுக மூடினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு.

ஒரு நாள் பிரேக் சரிபார்க்க வண்டியைப் பட்டறையில் தூக்கினார்கள். பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் குழாயில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் மேலே, பின்பக்கச் சாமான் பெட்டியின் தரையில் இருக்க வேண்டிய ரப்பர் அடைப்பான் ஒன்றைக் காணோம். போர்மன் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, தலைவலி பிள்ளைக்கு இல்ல, காடிக்கு," என்றார். அன்று எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. இவ்வளவு நாளும் பிள்ளையைப் புகைக்குள்ளே உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்! ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால், அல்லது பயணம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நாங்கள் நினைக்க விரும்புவதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் புகைக்குழாய் செய்யும் வேலை என்னவென்று பார்ப்போம். இயந்திரத்தின் உள்ளே பெட்ரோல் எரிகிறது. எரிந்த வாயு கடும் சூட்டோடும் வேகத்தோடும் வெளியே வருகிறது. அதைச் சிலிண்டர்களிலிருந்து ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாயை 'மெனிஃபோல்ட்' என்பர். அங்கிருந்து குழாய் கீழே இறங்கி, நம் காலுக்கடியில் ஓடி, நடுவில் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி ஆகியவற்றைக் கடந்து வெளியேறுகிறது. இந்தப் பெட்டிகள்தாம் சத்தத்தை அடக்கும் சைலன்சர்கள். இப்படிப்பட்ட சத்தம் அடக்கிக்கு 1897ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். பிற்காலத்து வண்டிகளில் வாயுவைத் தூய்மைப்படுத்தும் 'கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்' என்னும் கருவியும் இந்தக் குழாயில் சேர்ந்தது.

ஆக, புகைக்குழாய்க்குப் பல வேலைகள் உண்டு. சத்தத்தை அடக்குகிறது, சில வண்டிகளில் வாயுவைத் தூய்மை செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நச்சு வாயுவை நம்மைத் தாண்டிக் கொண்டுபோய் வண்டிக்குப் பின்னால் விடுகிறது. சத்தம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். வாயு உள்ளே வந்தால் உயிருக்கே ஆபத்து.

அந்த நச்சு வாயுவின் பெயர் கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் முழுமையாக எரியாதபோது இது உண்டாகிறது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணையும் எரிக்காது. தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்திய புகைக்கூடத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். கதவைத் திறந்தால் கண் கரிக்கும், இருமல் வரும். அந்தப் புகை, 'உள்ளே நிற்காதே' என்று நம்மை வெளியே துரத்தும். கார்பன் மோனாக்சைடு துரத்தாது. தாலாட்டித் தூங்க வைக்கும்.

நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் மூச்சுக்காற்றின் ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்கிறது. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அந்த ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. பேருந்தில் இருக்கைகளையெல்லாம் அடாவடிக்காரர்கள் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் ஏற முடியாதல்லவா? அதுபோல ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு, பிறகு மயக்கம் என்று அது படிப்படியாக வரும். சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர், இதய நோயாளிகள் ஆகியோரை அது மேலும் கடுமையாகத் தாக்கும்.

இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. காரில் ஏறினால் தலை வலிக்கிறது, இறங்கிக் காற்று பட்டால் தெளிகிறது, அதுவும் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு அப்படி நடக்கிறது என்றால், அதை வெறும் பயணக் குமட்டல் என்று விட்டுவிடாதீர்கள். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். சரி செய்யும் வரை அதில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

நல்ல இரும்புக் குழாய் ஏன் ஓட்டை விழுகிறது? இதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அது ஆவியாகக் குழாய் வழியே போகிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் முழுவதும் சூடேறி, நீராவி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து கடைக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால், பின்பெட்டி சூடேறுவதற்கு முன்பே வண்டி நின்றுவிடும். ஆவி குளிர்ந்து தண்ணீராகி உள்ளேயே தேங்கும். வாயுவில் உள்ள அமிலமும் அதில் சேரும். ஆகவே குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே அப்பளம்போல் ஆகியிருக்கும். நம் ஊர் மழையும், செம்மண் சாலையின் சேறும், மேடு பள்ளங்களில் அடிபடுவதும் வெளிப்பக்கத்திலிருந்து மீதி வேலையைச் செய்கின்றன. காலையில் வண்டியை முடுக்கும்போது குழாய் முனையில் சிறிது நீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது இயல்பானதே.

இனி, வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டியாக இருக்கட்டும். காலையில் முடுக்கியவுடன் காது கொடுத்துக் கேளுங்கள். வண்டியின் முன்பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடேறியதும் குறைந்தால், மெனிஃபோல்ட் அல்லது அதன் கேஸ்கெட் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். வண்டிக்கடியில் 'புஸ்' என்றோ 'படபட' என்றோ கேட்டால் குழாயிலோ பெட்டியிலோ கசிவு இருக்கும். ஒருவர் நனைத்து மடித்த தடித்த துணியால் குழாயின் முனையை ஓரிரு விநாடி மட்டும் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று கேட்டால், கசியும் இடத்தில் சீறும் சத்தம் தெளிவாகக் கேட்கும். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, குழாய் ஆறிய பின், குனிந்து விளக்கடித்துப் பாருங்கள். இணைப்புகளில் கரிக்கோடு படிந்திருந்தால் அங்கே வாயு வெளியேறுகிறது என்று பொருள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஜேக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் நுழையக் கூடாது. தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். ஜேக் வழுக்கினால் ஒரு டன் இரும்பு நெஞ்சில் இறங்கும். வண்டியைத் தாங்கிகளின் மேல் உறுதியாக நிறுத்தாமல் தலையை உள்ளே நீட்டாதீர்கள். வெல்டிங் வேலையையும் வீட்டு வாசலில் செய்ய வேண்டாம். அதே அடிப்பகுதியில்தான் பெட்ரோல் தொட்டியும் அதன் குழாயும் இருக்கின்றன.

பட்டறைக்குப் போனால் என்ன கேட்பது? முதல் கேள்வி: ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா? ஓட்டையைச் சுற்றியுள்ள இரும்பு கெட்டியாக இருந்தால் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம், செலவும் குறைவு. ஓட்டையின் ஓரம் தட்டினால் உதிர்கிறது என்றால் ஒட்டுப் போடுவது வீண். இன்று ஓர் ஓட்டையை அடைத்தால், அடுத்த மாதம் அதன் பக்கத்திலேயே இன்னொன்று விழும். போர்மனிடம் அந்த இடத்தை உங்கள் கண் முன்னால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். கடையில் விற்கும் பசையும் சுற்றுத் துணியும் பட்டறை வரை போய்ச் சேருவதற்கான தற்காலிகக் கட்டுதானே தவிர, மருந்தாகா.

இரண்டாவது, குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்கள். புகைக்குழாய் வண்டியின் அடியில் இந்த வளையங்களில்தான் தொங்குகிறது. இயந்திரத்தின் அதிர்வை அவை வாங்கிக்கொள்கின்றன. சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் கெட்டுப்போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட மாநிலம் இது. தலைமுறை தலைமுறையாகப் பால் எடுத்தவர்கள் நாம். வளையம் அறுந்தால் பலர் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கம்பி அதிர்வைத் தாங்காது. அந்த அதிர்வு முழுவதும் இணைப்புகளுக்குப் போய், கடைசியில் குழாயே விரிசல் விடும். சில வெள்ளி வளையத்தை மாற்றாமல் விட்டுப் பெரிய செலவை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, ஓட்டையை அடைத்ததோடு நின்றுவிடாமல், வாயு உள்ளே வந்த வழியையும் அடைக்கச் சொல்லுங்கள். சாமான் பெட்டித் தரையின் ரப்பர் அடைப்பான்கள், பின்கதவின் ரப்பர்ப் பட்டை, பின்விளக்குகளைச் சுற்றியுள்ள ரப்பர், துருப்பிடித்த தரைத்தகடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது அதன் பின்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் வெளியேறிய வாயு பின்புறமே சுழன்று, கிடைத்த சந்து வழியாக உள்ளே நுழைகிறது. எங்கள் பிள்ளைக்கு நேர்ந்தது இதுதான்.

நான்காவது, இயந்திரத்தின் நிலை. குழாயில் கறும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அப்போது கார்பன் மோனாக்சைடும் அதிகமாக இருக்கும். காற்று வடிகட்டியையும் கார்புரேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியானால் இன்னும் சில செய்திகள் உண்டு. யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1950களில் கார்களுக்காக இந்த வழியில் உழைத்தவர். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பும், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களின் பூச்சும் இருக்கும். கார்பன் மோனாக்சைடு அந்த உலோகங்களின் மேல் படும்போது, கொடுமை குறைந்த கார்பன் டையாக்சைடாக மாறுகிறது. ஆனால் அது நன்கு சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். அதனால் கன்வெர்ட்டர் இருக்கிறதே என்று மூடிய கொட்டகைக்குள் வண்டியை முடுக்கி விடக் கூடாது.

இந்த விலையுயர்ந்த உலோகங்களுக்காகவே கன்வெர்ட்டர்களைத் திருடுகிறார்கள். 'அது அடைத்துக்கொண்டது, கழற்றிவிட்டு வெறும் குழாய் போடுகிறேன்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். உண்மையிலேயே அடைத்திருந்தால் வண்டி மேட்டில் இழுக்காது. உள்ளே பீங்கான் உடைந்திருந்தால் கலகலவென்று ஆடும். அப்படி மாற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றிய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் சொத்து. எண்ணெய் எரியும் இயந்திரத்தையும், சரியாகத் தீப்பொறி விழாத பிளக்கையும் முதலில் சரி செய்யாவிட்டால் புதிய கன்வெர்ட்டரும் கெட்டுவிடும்.

இனி, வீட்டிலுள்ள தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய காருக்குப் பெரிய வாய் உள்ள குழாய் போட்டால் வேகம் கூடும் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். 1,300 அல்லது 1,500 சிசி கொண்ட சாதாரண இயந்திரத்தில் பின்பெட்டியை மட்டும் மாற்றுவதால் சொல்லும்படியான சக்தி கூடாது. கூடுவது சத்தம்தான். குழாய் அளவுக்கு மீறி அகலமானால், குறைந்த வேகத்தில் இழுவை குறையவும் கூடும். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டிலிருந்தே மோட்டார் வாகன இரைச்சலுக்கு விதிகள் உண்டு. பெட்ரோல் இயந்திரங்களின் புகைக்கு 1996ஆம் ஆண்டு விதிகள் உண்டு. போலீசாரும் ஜேபிஜே அதிகாரிகளும் நிறுத்தினால் சம்மன் வரும். அந்தச் சம்மனைக் கட்டப்போவது யார்? காலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிற அப்பாவும் அம்மாவும்தானே!

மேம்படுத்த வேண்டுமென்ற ஆசை நல்ல ஆசைதான். அதற்கு நல்ல வழியும் இருக்கிறது. கம்பெனி அளவிலேயே, அலுமினியப் பூச்சுள்ள எஃகிலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்த குழாயையும் பெட்டியையும் போடலாம். முதலில் செலவு சற்று அதிகம். ஆனால் சாதாரண இரும்பைவிட நெடுங்காலம் உழைக்கும். கூடவே கேஸ்கெட், போல்ட், ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடையில் குழாய் வாங்கினால், உள்ளே துரு உதிர்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும், பணம் கொடுப்பதற்கு முன்பே, ஈரத்துணிச் சோதனையை மீண்டும் ஒரு முறை செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக, சில பழக்கங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, குளிர்சாதனம் போட்டு, நின்ற காருக்குள் தூங்காதீர்கள். வீடு மாறும்போதோ திருமணச் சாமான் ஏற்றும்போதோ பின்கதவைப் பாதி திறந்து கயிறு கட்டி ஓட்டுகிறோம் அல்லவா? அப்போது புகை நேராக உள்ளே வரும். அதற்கு லாரி பிடிப்பதே மேல். வேறு வழியே இல்லையென்றால், பின் இருக்கையில் யாரையும் உட்கார வைக்காமல், முன் சன்னல்களை முழுவதும் திறந்துகொண்டு, சிறிது தூரம் மட்டும் போங்கள். காய்ந்த லாலான் புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சூடான குழாய் பட்டுத் தீப்பிடிக்கலாம்.

காருக்குள் யாராவது மயங்கிக் கிடந்தால் உடனே எல்லாக் கதவுகளையும் திறந்து, இயந்திரத்தை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, 999 எண்ணை அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 'காரின் புகையாக இருக்கலாம்' என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் அந்த நஞ்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். கோவிட் காலத்தில் பலர் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வாங்கி வைத்தோம். அந்தக் கருவியை இங்கே நம்பக் கூடாது. அது கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தமாகவே காட்டும்.

எங்கள் பழைய சாகாவுக்கு அன்று புதிய குழாயும் புதிய அடைப்பானும் போட்டோம். அடுத்த மாதம் சுங்கை சிப்புட்டுக்குப் போனபோது, கடைக்குட்டி வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் ஓடிப் போய்ப் பாட்டியின் மடியில் ஏறிக்கொண்டாள். திருஷ்டி நீங்கிவிட்டது என்று பாட்டி மகிழ்ந்தார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் வண்டியின் அடியை ஒரு முறை குனிந்து பாருங்கள். அந்தக் கால் மணி நேரம் பின் இருக்கையில் தூங்கும் பிள்ளைக்காக.